பிள்ளைக்கு எட்டும் உயரத்தில்



ஜூன் பிறந்துவிட்டது. புத்தகங்களுக்கு அட்டை போட்டாயிற்று, ஷூ வாங்கியாயிற்று, தையற்கடையிலிருந்து சீருடையும் வந்து சேர்ந்துவிட்டது. இனி முழுப் பரீட்சை முடியும்வரை, காலை ஏழு மணிக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரே குரல்தான் கேட்கும்: "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு சாக்ஸ் கட்டிலுக்கடியில் கிடைத்திருக்கும், அதன் ஜோடி கொடியில் ஈரமாகத் தொங்கும். பெல்ட் இருக்கும், ஐ.டி. கார்டைக் காணோம். தெருமுனையில் வேன் ஹாரன். அந்த நேரத்தில் விழும் திட்டையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. முதல் பீரியடில் அதன் மனசு எங்கே நிற்கும் என்று நாம் யோசிப்பதில்லை.

இந்த அமளிக்குப் பிள்ளையின் சோம்பேறித்தனத்தைக் காரணமாகச் சொல்வது நம் வழக்கம். நான் பீரோவைத்தான் சொல்வேன்.

நம் வீட்டு இரும்பு பீரோ ஏறக்குறைய ஆறரை அடி உயரம். ஐந்து வயதுப் பிள்ளை சுமார் மூன்றரை அடி. கையை உயர்த்தினால் நாலு அடிக்குச் சற்று மேலே எட்டும். அதன் சட்டையோ மேல் தட்டில், அம்மாவின் புடவைகளுக்கும் அப்பாவின் பேன்ட்டுகளுக்கும் நடுவில் செருகியிருக்கிறது. கதவு கனம், கைப்பிடி இறுக்கம், சாவி வேறு. பெரியவர்களை அழைக்காமல் அந்தப் பிள்ளை எப்படித் தன் உடுப்பைத் தானே எடுக்கும்? அழைத்தால் "இவ்வளவு பெரிய பையன், இதுகூட எடுக்கத் தெரியாதா?" என்கிறோம். அது நியாயமில்லை.

பிள்ளைகளின் அளவுக்குத்தான் பொருள்கள் இருக்க வேண்டும் என்பதை நூறாண்டுக்கு முன்பே செய்து காட்டியவர் இத்தாலி மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் அவர் தொடங்கிய பள்ளியில் மேசை, நாற்காலி, அலமாரி எல்லாமே சின்னக் கைகளுக்கு எட்டும்படி அமைந்தன. 1939-ல் அவர் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், கொடைக்கானலிலும் சில காலம் தங்கினார். அவர் முறையில் பட்டன் போடுவதும் நாடா முடிவதும்கூடப் பாடம்தான். மரச்சட்டத்தில் துணியைப் பூட்டி, பட்டன், கொக்கி, நாடா என்று ஒவ்வொன்றையும் பிள்ளை திரும்பத் திரும்பப் போட்டுக் கழற்றிப் பழகும். நம் வீட்டில் அந்தப் பாடத்துக்குத் தனியாக ஒரு பொருளும் வாங்க வேண்டாம். சீருடையே போதும், அது கைக்கு எட்டினால்.

ஆகவே முதல் வேலை, மேலே இருப்பதைக் கீழே இறக்குவது. பீரோவின் அடித்தட்டில் கல்யாண ஆல்பமும் பழைய போர்வையும் பல வருஷமாகக் கிடக்கும். அவை மேலே போகட்டும். பட்டுப்பாவாடை, விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் ஷெர்வானி, ஊருக்குப் போகும்போது போடும் உடுப்பு ஆகியவையும் மேலே போகலாம். அடித்தட்டு முழுக்கப் பள்ளிக்கூடத் துணிக்கு. சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் நிறுத்துவதுபோல மடித்து நிறுத்தி வையுங்கள். ஒன்றை உருவினால் மற்றவை சரியாது, என்னென்ன இருக்கிறது என்பதும் ஒரே பார்வையில் தெரியும். சாக்ஸைத் துவைத்துக் காய்ந்த உடனே ஜோடியாகச் சுருட்டிவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே காலைத் தேடலில் பாதி குறையும்.

தனி அறையும் வார்ட்ரோபும் இருக்கிற வீட்டுக்கு மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். தமிழக அரசின் திட்டத்தில், சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடை இலவசமாகக் கிடைக்கிறது. ஒற்றை அறை வீட்டில் அந்த 4 செட்டையும் வைக்க ஒரு டிரங்குப் பெட்டியோ பிளாஸ்டிக் கூடையோ போதும். பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் சீப்பும் ரிப்பனும். இரட்டைச் சடைக்கு ஒரு ரிப்பன் மட்டும் அகப்படுகிற காலைப் பொழுதின் துயரம் பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் தெரியும்.

எங்கள் அடுத்த வீட்டுச் சிறுமி இரண்டாம் வகுப்பு. அவள் அம்மா ஒரு பழைய நூல் புடவையைத் தையற்காரரிடம் கொடுத்து, ஐந்து பை வைத்த தொங்கு பை ஒன்று தைத்து வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு பை. ஞாயிறு சாயங்காலம் அவளே நிரப்புகிறாள். நான் பார்த்தபோது புதன்கிழமைப் பையில் வெள்ளை பி.டி. டிரஸ்ஸை வைத்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையை முதலில் போட்டாள், ஜட்டியையும் ஷிம்மியையும் அதன்மேல் அமுக்கினாள், சாக்ஸ் உருண்டையை முஷ்டியால் குத்தி உள்ளே தள்ளினாள். சட்டைக் காலர் மடங்கி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அம்மாவின் கை அதைச் சரிசெய்யப் பாதி தூரம் போய், திரும்பிவிட்டது. "கசங்கினா கசங்கட்டும், அவளே வச்சதுல்ல" என்றார்.

அந்தக் கையை இழுத்துக்கொள்வதுதான் இதில் மிகக் கடினமான வேலை. பிள்ளை மடித்தது கோணலாகத்தான் இருக்கும். நாம் எடுத்துத் திருப்பி மடித்தால், நாளை முதல் அது மடிக்காது. கசங்கல் பொறுக்காத பள்ளி என்றால், இஸ்திரி போட்ட சட்டையை மட்டும் ஹேங்கரில் தாழ்வாக மாட்டிவிடுங்கள். ஆனால் சுவரில் அடிக்கும் கொக்கி பிள்ளையின் கண் மட்டத்துக்கு வரக் கூடாது, முனை உருண்டையாக இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. பிள்ளைகளின் துணிக்கு நடுவே அந்துருண்டை வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து ஒரு பக்கம். நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியே, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அந்தக் குறைபாடு பிள்ளைக்கு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதும் இல்லை. நிழலில் உலர்த்திய வேப்பிலையை ஒரு துணியில் முடிந்து போட்டால் போதும். அடுத்து, இழுப்பறை வைத்த மர, பிளாஸ்டிக் அலமாரிகள். பிள்ளைகள் இழுப்பறையைப் படியாக்கி ஏறும்போது அலமாரி முன்பக்கம் சாய்ந்து மேலே விழலாம். தச்சரைக் கூப்பிட்டுச் சுவரோடு சேர்த்து இறுக்கிவிடுங்கள். இன்றைக்கே.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் இப்போதே ஒரு யோசனை இருக்கட்டும். கூடுதலாக இரண்டு ஜோடி சாக்ஸ், வீட்டுக்குள் மின்விசிறி காற்று படும் இடத்தில் ஒரு கொடி. அரை ஈரத் துணியை அலமாரிக்குள் வைத்தால் பூசண வாடை வரும், அதைப் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குத் தோலில் அரிப்பும் படையும் வரலாம். காலாண்டு விடுமுறையில் ஒருமுறை எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வளர்ற பிள்ளை என்று உள்ளே மடித்துத் தைத்ததைப் பிரிக்க வேண்டியிருக்கும். இனி பத்தாது என்பதைச் சித்தி பிள்ளைக்கோ, அதே பள்ளியின் சின்ன வகுப்புப் பிள்ளைக்கோ அப்போதே கொடுத்துவிடுங்கள். அலமாரியில் போட்டுவைத்தால் யாருக்கும் உபயோகமில்லை.

அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் ஒரு வார்த்தை. இரவு சாப்பாட்டுக்குப் பின் மறுநாள் டைம்டேபிளைப் பார்த்து, உடுப்பை எடுத்து வைக்கப் பிள்ளையோடு உட்காரும் ஐந்து நிமிஷம் உங்களுடையதாக இருக்கட்டும். ஆண்பிள்ளையையும் சேர்த்தே உட்கார வையுங்கள். தன் சட்டையைத் தானே மடிக்கத் தெரியாமல் கல்லூரி விடுதிக்குப் போகும் பையன்களை நாம்தான் வளர்த்து அனுப்பினோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, அதன் முன்னால் பிள்ளையை நிறுத்தி, "உனக்கு எதெல்லாம் எட்டலை?" என்று கேளுங்கள். அது காட்டும் இடத்திலிருந்து வேலையைத் தொடங்குங்கள். உங்கள் வீட்டில் என்ன மாற்றினீர்கள், பிள்ளை என்ன சொன்னது என்று எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளையே எழுதினால் இன்னும் சந்தோஷம், அந்தக் கடிதங்களை அடுத்த இதழில் முதலில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்