கருவிக்கு எழுதும் குறிப்பு



ரயில்வே குமாஸ்தாவுக்கும் செயற்கை அறிவுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். சென்ற திங்கள் வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். போடிமெட்டில் வாழும் என் தமக்கையின் மகன் ஒரு ஞாயிறன்று தன் கணிப்பொறியுடன் என் எதிரில் வந்து அமர்ந்த பின்னர் அவ்வெண்ணம் மாறிற்று.

தமக்கை எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவள். மகன் நிரல் எழுதக் கற்றவன். இன்ன வேலையை முடித்துத் தருவோர்க்கு இவ்வளவு சன்மானம் என்று அறிவிக்கும் இணையத்தளங்கள் பல உள்ளன. அத்தகைய ஒன்றில், ரயிலில் இடம் உள்ளதா என்று பார்த்துச் சொல்லும் கருவியொன்றைச் செய்து தர அவன் முன்வந்திருந்தான். அக்கருவியை இயக்குவது மனிதர் அல்லர். செயற்கை அறிவு ஏஜென்ட். நாம் சாதாரணப் பேச்சில் இடும் வேலையைப் புரிந்துகொண்டு, தன்னிடமுள்ள கருவிகளுள் ஏற்றதைத் தேர்ந்து, தானே இயக்கி முடிக்கும் மென்பொருளுக்கு அப்பெயர். இருபது நாள் உழைத்தான். இரு முறை அனுப்பினான். இரு முறையும் திருப்பிவிட்டனர்.

“மாமா, நிரலில் ஒரு பிழையும் இல்லை. ஏஜென்ட்தான் தவறாக இயக்குகிறது” என்றான்.

கருவியோடு அவன் எழுதியிருந்த குறிப்பைக் காட்டச் சொன்னேன். “ரயில் விவரம் தரும்” என்று மூன்றே சொற்கள் இருந்தன.

அன்பர்களே, குறை அங்கேதான் இருந்தது. ஏஜென்ட் கருவியின் உட்புறத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் பொது நெறிமுறையிலும், ஏஜென்ட்டுக்கு முதன்மையாகக் கிடைப்பவை கருவியின் பெயர், அதன் குறிப்பு, நிரப்ப வேண்டிய விவரங்களின் பட்டியல் ஆகியவையே. டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பயணிக்கு அலுவலகத்தின் உள்ளே நடப்பது தெரியுமா? பலகையில் எழுதியிருப்பதை நம்பியே அவர் நடக்கிறார். ஏஜென்ட்டின் நிலையும் அதுவே.

ஆகவே, ஜன்னலில் அன்றாடம் எழும் கேள்விகளைக் கொண்டே குறிப்பை எழுதத் தொடங்கினோம்.

முதலாவது, எங்கிருந்து எங்கே? போடிமெட்டில் ரயில் இல்லை. மலையடிவாரத்துப் போடிநாயக்கனூரில்தான் நிலையம் உள்ளது. அதுவும் அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் மூடப்பட்டு, 2023 ஜூன் 15 அன்றுதான் மீண்டும் ரயிலைக் கண்டது. சென்னை என்றாலோ, சென்ட்ரல் வேறு, எழும்பூர் வேறு. எனவே, “நிலையக் குறியீட்டை மட்டும் ஏற்கும், போடிநாயக்கனூருக்கு பி.டி.என்.கே. என்பது போல. ஊரில் நிலையம் இல்லையெனில் ஊகிக்காமல் பயணியைக் கேட்கவும்” என்று எழுதினோம்.

இரண்டாவது, என்றைக்கு? 05-06 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. பண்டிகைக்கு ஊர் திரும்பும் குடும்பம் இதனால் மேடையில் நிற்க நேரிடும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையைக் குறித்தோம். பொதுவான முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டதையும் சேர்த்தோம். விதி மாறினால் குறிப்பும் மாற வேண்டும் அல்லவா?

மூன்றாவது, எதைச் செய்யாது? “இடம் உள்ளதா என்று மட்டும் பார்க்கும், டிக்கெட் எடுக்காது.”

நான்காவது, விடையின் பொருள் யாது? ஆர்.ஏ.சி. எனில் பயணம் செய்யலாம். உட்கார இடமுண்டு, படுக்கை உறுதியில்லை. காத்திருப்போர் பட்டியல் எனில் இடம் இன்னும் கிடைக்கவில்லை. விவரம் குறைந்தால் வெறுமனே “பிழை” என்னாமல், எது குறைந்தது என்று கருவி சொல்ல வேண்டும்.

எழுதியதைத் தமக்கையிடம் படித்துக் காட்டினோம். அவள் சற்று யோசித்து, “ஏன் தம்பி, எந்த நாள் என்று சொல்லாமலே விட்டுவிட்டால் அது என்ன செய்யும்?” என்றாள். நாங்கள் இருவரும் மறந்த கேள்வி அது. நாள் கட்டாயம் என்றும், சொல்லாவிடில் கேட்கவேண்டும் என்றும் ஒரு வரி கூட்டினோம். தொழில் அறியாத ஒருவருக்குப் படித்துக் காட்டி, அவர் கேட்கும் கேள்விக்கு விடையை எழுதிச் சேர்ப்பதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை என்று அன்று உணர்ந்தேன்.

மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டனர், சன்மானமும் வந்தது. இடத்தைத் தேடும் நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது குறிப்பும், பிழை நேர்ந்தால் சொல்லும் வாசகமும்தான்.

“இருபது நாள் உழைப்புக்குக் காசா, இந்தப் பத்து வரிக்குக் காசா?” என்று தமக்கை கேட்டாள்.

“இரண்டுக்கும்தான் அக்கா. இந்தப் பத்து வரி இல்லாமல் அந்த இருபது நாள் வீணாகியிருக்கும்” என்றேன்.

நிரல் எழுதும் பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவர்கள் எழுதும் குறிப்பை ஒருமுறை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் கூசாமல் கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.