மன்னருக்கு ஒரு மடல்

ஜார்ஜ் வாஷிங்டன் வில்லியம்ஸ் 1849-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். முதலில் போர்வீரர், பின்னர் பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர், அதன்பின் வழக்கறிஞர். 1879-இல் ஒஹாயோ சட்டமன்றத்திற்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவரும் அவரே.

1889-இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டைச் சந்தித்து, காங்கோவில் அவர் அறப்பணி புரிவதாகவே நம்பிப் புகழ்ந்தார். மறு ஆண்டு அங்கு நேரில் சென்றார். கண்டதோ, வஞ்சகமாய்ப் பறிக்கப்பட்ட நிலங்கள், எரிக்கப்பட்ட ஊர்கள், அடிமைத்தளை! அங்கிருந்தே மன்னருக்குப் பகிரங்க மடல் வரைந்து, குற்றங்களை வழக்குரைபோல் அடுக்கினார். மன்னரின் ஆதரவாளர்கள் அவரைத் தூற்றினர்.

1891-இல், 41 வயதில், இங்கிலாந்தின் பிளாக்பூலில் அவர் மறைந்தார். லியோபோல்டின் பிடியிலிருந்து காங்கோ விலகியது 1908-இல்தான்.

அன்பர்களே! எதிரியைக் குறைகூறல் எளிது. தாம் புகழ்ந்தவரையே, உண்மை கண்டபின் கண்டிப்பதன்றோ நேர்மை!