தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள்



போன மாதம் வந்த ஒரு கடிதம் இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது. எழுதியவர் ஒரு சகோதரி. பெயர் இல்லை, முகவரியும் இல்லை. திருமுழுக்குப் பெற்று ஐந்து ஆண்டு ஆகிறதாம். அதன் பிறகு கணவர் கடை வைத்து நொடித்துப்போனார். கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். "வேதத்தில் சேர்ந்து என்னத்தைக் கண்டே?" என்று விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால் கேட்கிறார்களாம். "என்ன பதில் சொல்வது, ஃபாதர்?" என்று முடித்திருக்கிறார்.

ஜனவரி 14 புனித தேவசகாயத்தின் நாள். அவர் கதையை நமக்குப் பின்பக்கமிருந்தே சொல்லிப் பழக்கம்: 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, துப்பாக்கிக் குண்டுகள், மறைசாட்சி மரணம். இந்தச் சகோதரிக்காக நான் முன்பக்கத்துக்குப் போனேன்.

நட்டாலத்து நீலகண்டன் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர். வீட்டில் இழப்பு மேல் இழப்பு வந்து மனம் ஒடிந்திருந்த நேரத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி அளித்துவந்த டச்சுப் படை அதிகாரி டிலனாய் அவரிடம் பேசினார். என்ன பேசினார் என்பதுதான் எனக்கு முக்கியம். எங்கள் கடவுளைக் கும்பிட்டால் கஷ்டம் தீரும் என்றல்ல. எல்லாம் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் நீலகண்டன் வந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். கடவுளின் உதவி என்று பொருள்.

அந்தப் பெயரோடு அவர் வாழ்ந்தது ஏழு ஆண்டுகூட இல்லை. அதில் கடைசி மூன்று ஆண்டு விலங்கில் கழிந்தது. எருமைமேல் பின்புறம் பார்க்க உட்கார்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோனதையும், புண்ணில் மிளகாய் தேய்த்ததையும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். என்னைக் கலங்கவைப்பது அதைவிட அந்த மூன்று ஆண்டு என்ற கணக்கு. ஆயிரம் காலைக்குமேல் விடிந்திருக்கும். ஒரு சொல்லில் விசுவாசத்தை மறுத்திருந்தால் எந்தக் காலையிலும் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

வீட்டில் மனைவி இருந்தார். அவரும் திருமுழுக்குப் பெற்றுத் தெரசா ஆனவர், தமிழில் ஞானப்பூ. "உன் புருஷனுக்கு அந்தச் சாமி என்ன செய்தது?" என்று அவரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அவர் என்ன பதில் சொன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கணவர் போன பிறகும் அவர் வேதத்தை விடவில்லை என்பது மட்டும் தெரியும். 2022 மே 15 அன்று ரோமில் கணவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நான் நினைத்துக்கொண்டது அந்த அம்மாளைத்தான்.

சகோதரி, உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கேள்வி கேட்டவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனதாக, போகிறபோக்கில், ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்.

முகவரி இல்லாததால் இங்கே சொல்கிறேன். 14ஆம் தேதி காலைத் திருப்பலியை உங்கள் வீட்டுக்காக ஒப்புக்கொடுக்கிறேன். கணவருக்கு வேலை தேடித்தர எங்களால் ஆனதைச் செய்வோம். இன்னொரு கடிதம் போடுங்கள், இந்த முறை முகவரியோடு.

அன்புடன்,
ஆசிரியர்