நுரைப் பலகை வண்டி: செய்ய வேண்டியவர் யார்?



'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்திற்காக மாணவர்கள் கொண்டுவரும் நுரைப் பலகைப் படைப்புகளுள் பல, பெற்றோரின் கைவண்ணமே என்பதை நாம் அறிவோம். வசதியுள்ள பிள்ளை கடையில் வாங்கிய பொருளோடு வருகிறான். தோட்டத்துப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கிறான். இங்கு நாம் மதிப்பிடுவது மாணவனின் திறனையா, பெற்றோரின் பணப்பையையா?

இதற்கு மாற்றாக ஒன்றை முன்வைக்கிறேன். அமெரிக்காவில் ஆர்வலர்கள் சிலர், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய முகாம் வண்டியை நுரைப் பலகையாலேயே கட்டுகின்றனர். பலகைகளை ஒட்டி, அவற்றின்மேல் கித்தான் துணியை மரப்பசையால் போர்த்தி, சுவர்ச் சாயம் பூசுகின்றனர். வண்டியின் எடை குறைவதால் சிறிய காரே அதை இழுத்துவிடுகிறது.

எளிதில் நொறுங்கும் நுரை எவ்வாறு வலுப்பெறுகிறது? பலகை வளையும்போது மேற்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. இருபுறமும் ஒட்டிய துணி அவ்விசைகளைத் தாங்க, நடுவிலுள்ள நுரை அவ்விரு தோல்களையும் விலகாமலும் நெருங்காமலும் காக்கிறது. 1940இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் 'மொஸ்கிட்டோ' விமானத்தின் உடலும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். அதில் ஒட்டுப்பலகைகளுக்கு இடையே இருந்தது இலேசான பால்சா மரம்.

இவ்வண்டியின் சிறு மாதிரியை வகுப்பிலேயே செய்யலாம். மின்பொருள் பெட்டிகளில் வரும் நுரை, பழைய பருத்தித் துணி, வெள்ளைப் பசை, மிஞ்சிய சாயம் ஆகியவை போதும். துணி ஒட்டிய பலகையையும் ஒட்டாத பலகையையும் இரு நாற்காலிகளுக்கிடையே வைத்துப் பாடநூல்களை ஒவ்வொன்றாக அடுக்கட்டும். எது முதலில் முறிகிறது என்று குறிக்கட்டும். பின்னர் வண்டியை மழையில் வைத்து, முன்னும் பின்னும் எடை பார்க்கட்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் நம் தைப்பிங்கில் இச்சோதனைக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை!

ஓர் எச்சரிக்கை: சூடான கம்பியால் நுரையை வெட்டினால் தீய புகை எழும், வேண்டாம். வெட்டும் பணியை ஆசிரியரே கத்தியால் செய்து கொடுக்கலாம். சிலவகை வலுவான பசைகள் நுரையையே கரைத்துவிடும். முதலில் ஒரு சிறு துண்டில் ஒட்டிப் பார்த்தல் நலம்.

மதிப்பெண்ணை அழகுக்கு வழங்காமல், மாணவன் எழுதிய சோதனைக் குறிப்புக்கு வழங்குவோம். கோணலான வண்டியாயினும் அது ஏன் தாங்கியது, ஏன் முறிந்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளையே கற்றவன். பெற்றோர்களே, தயவுசெய்து பசைக்குப்பியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.