இடையிலே நிற்பவர் யார்?

சுன்னாகத்து மாணவர் ஒருவர் சென்ற வாரம் எம்மிடம் வந்தார். தாம் ஆக்கிய இணையத்தளத்திற்கும் உலாவிக்கும் இடையே என்ன செய்திகள் போய்வருகின்றன என்று பார்க்க, நடுவே 'ரிவேர்ஸ் புரொக்சி' என்னும் இடைநிலைச் சேவையகம் ஒன்றை நிறுத்தியிருந்தார். உலாவியோ, தளம் நம்பத்தக்கதன்று என எச்சரித்துப் படலையைச் சாத்திவிட்டது. "எங்கே பிழை விட்டேன்?" என்பது அவரது கேள்வி.

"தம்பி, நொத்தாரிசு ஒப்பமிடாத காணி உறுதியை உமது ஐயா ஏற்பாரா?" என்று கேட்டோம்.

பூட்டிய செய்தியை அனுப்புமுன் உலாவி தளத்தின் சான்றிதழைப் பார்க்கிறது. அதில் மூன்றை ஆராய்கிறது: பெயர் முகவரியோடு பொருந்துகிறதா? திகதி செல்லுபடியானதா? ஒப்பமிட்டவர் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் உள்ளவரா? மாணவரின் சேவையகம் தானே நொத்தாரிசாகித் தானே ஒப்பமிட்டிருந்தது. மூன்றாம் கேள்வியில் அது தவறியது. ஆகவே எச்சரிக்கை பழுதன்று. காவற்காரன் தன் கடமையைச் செய்தான். அச்சேவையகத்தின் மூலச் சான்றிதழைப் பட்டியலிற் சேர்த்ததும் வழி திறந்தது.

மாணவர் மகிழ்ந்தார், நாம் மகிழவில்லை. அந்த மூலச் சான்றிதழின் இரகசியத் திறவுகோலைப் பெற்றவர் எவராயினும், எத்தளத்தின் பெயராலும் பொய்ச் சான்றிதழ் ஆக்கலாம். அதே கணினியில்தான் அவருடைய தாயார் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார்.

இது வீண் அச்சமன்று. இந்தியாவின் தேசிய தகவலியல் மையத்திலிருந்து, கூகிள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தமையை 2014 யூலை 2 இல் கூகிள் நிறுவனம் அறிந்தது. இந்திய அரசின் மூலச் சான்றிதழ் மைக்ரோசொப்ற்றின் பட்டியலில் இருந்தமையால், விண்டோஸ் கணினிகளில் இயங்கிய பல உலாவிகள் அவற்றை ஏற்கும் நிலையில் இருந்தன. தனக்கெனத் தனிப்பட்டியல் வைத்திருந்த பயர்பொக்ஸ் தப்பியது. மறுநாளே அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்கள் இரத்துச் செய்யப்பட்டன. அரசாங்க நிறுவனத்திலேயே இவ்வாறு நேருமெனில், வீட்டுக் கணினி எம்மட்டு?

மாணவச் செல்வங்களே, சோதனைக்கெனத் தனிக் கணினியோ தனிக் கணக்கோ வைத்துக்கொள்ளுங்கள். பிறருடைய செய்தியை இடைமறித்தல் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். வேலை முடிந்த அன்றே அம்மூலச் சான்றிதழை நீக்கிவிடுங்கள். மாடு ஓட்டத் திறந்த படலையை இரவில் திறந்தபடி விடுவார் உண்டோ?