தேய்ந்த காசா, வெற்று வில்லையா?

நோட்டில் ரிங்கிட் என்று அச்சடித்திருந்தாலும் நம் வாயில் வருவது 'வெள்ளி'தான். கடையில் "பத்து வெள்ளி ஆச்சுங்க" என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் அது நிஜமாகவே வெள்ளியாக இருந்தது. 1903-இல் வெளிவந்த நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு வெள்ளி நாணயம் 26.95 கிராம் எடை. அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சுத்த வெள்ளி. அந்த வம்சத்தில் வந்த ஒரு குட்டிக் காசு போன மாதம் எங்கள் வீட்டில் பெரிய வழக்காகிவிட்டது.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் விடுமுறைக்குக் குனோங் ராபாட்டுக்கு வந்திருந்தான். சாமி அறையில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்த காசைக் கையில் எடுத்தவன் கீழே வைக்கவில்லை. இரண்டு பக்கமும் வழவழ. தலையும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் நேற்று வாங்கியதுபோலப் பளபளப்பு.

"மாமா, இது அச்சு விழாத வில்லை. காசாலையில தப்பி வந்தது. சேகரிக்கிறவங்க இதுக்கு நல்ல விலை கொடுப்பாங்க."

கைப்பேசியில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினான். அரை மணி நேரத்தில் 600 வெள்ளி தருவதாகப் பதில் வந்துவிட்டது. அம்மா மட்டும் சமையலறையிலிருந்து, "அது எங்கம்மா சம்பளக் காசுடா" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

நான் நகைக்கடையில் பல வருடம் தராசு பிடித்தவன். "விக்கிறது அப்புறம் இருக்கட்டும் தம்பி. முதல்ல அது என்னன்னு பாப்போம்" என்று சொல்லி மேசையில் உட்கார வைத்தேன்.

காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுவார்கள். பிறகு ஓர் இயந்திரம் வில்லையின் ஓரத்தை நெருக்கிச் சற்று மேலே எழுப்பும். சூடாக்கி, கழுவி, கடைசியில் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஒரே அடி. அந்த நேரத்தில் வில்லையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். நம் பழைய வெள்ளிக் காசுகளின் பக்கவாட்டில் ரம்பப் பல் போல வரிகள் இருக்கின்றனவே, அவை அந்த வளையத்தின் வேலை. அடி விழாத வில்லைக்கு அந்த வரிகள் வராது.

ஆக, வெற்று வில்லைக்கு ஓரம் எழும்பி இருக்கும். பக்கவாட்டில் வரி இருக்காது. எடை முழுசாக இருக்கும். தேய்ந்த காசுக்கு ஓரம் மழுங்கி இருக்கும், வரியின் மிச்சம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும், எடை குறைந்திருக்கும். ஓரம் எழுப்பாமலே தப்பிவிடும் வில்லைகளும் உண்டு. அதனால் கண் சொல்வதோடு நிறுத்தாமல் தராசையும் கேட்க வேண்டும்.

எங்கள் காசின் குறுக்களவு 23 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவுக்குப் பொருந்துவது நீரிணைக் குடியேற்றங்களின் 20 காசு. அதன் எடை 5.43 கிராம். எங்கள் தராசு காட்டியது 4.71. முக்கால் கிராமுக்கு நெருக்கமாகக் காணோம்.

"அப்போ 1967-க்குப் பிறகு வந்த மலேசிய 20 சென் வில்லையா இருக்கலாமே?" என்று மடக்கினான். நல்ல கேள்வி. ஆனால் அது செம்பும் நிக்கலும் கலந்தது; எடையும் 5.6 கிராமுக்கு மேல். சந்தேகம் தீர ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். தராசு 0.47 காட்டியது. 4.71-ஐ 0.47-ஆல் வகுத்தால் பத்தை ஒட்டி வருகிறது. செம்பு நிக்கல் என்றால் 8.9 பக்கத்தில் நின்றிருக்கும். இது வெள்ளிக் கலவை.

அடுத்து விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தைக் காசின் பக்கவாட்டிலிருந்து படுக்கையாக அடித்தோம். மெல்லத் திருப்பியபோது ஒரு முகத்தின் நிழல் தெரிந்தது. மூக்கு வலது பக்கம் பார்த்தது. விக்டோரியா ராணி, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் எல்லாரும் நம் காசுகளில் இடது பக்கம் பார்ப்பவர்கள். வெள்ளிக் காசுகளில் வலது பக்கம் பார்ப்பவர் ஏழாம் எட்வர்ட் ஒருவர்தான். அப்படியானால் காசு 1902-க்கும் 1910-க்கும் இடைப்பட்டது. பூதக்கண்ணாடியில் பக்கவாட்டைப் பார்த்தால் ஓரிடத்தில் நான்கைந்து வரிகளும் மிச்சம் இருந்தன.

"சரி மாமா, பளபளப்பு? தேஞ்ச காசு மங்கலாத்தானே இருக்கும்?"

அதற்குப் பதில் அம்மாவிடம் இருந்தது. பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் காசைத் திருநீறு போட்டுத் தேய்த்துத்தான் சாமிக்கு முன் வைப்பாராம். பாட்டிக்குப் பிறகு அம்மா. வாரம் ஒரு முறை என்றால் நாற்பது வருடத்தில் 2,000 தடவைக்கு மேல். பலர் கைமாறித் தேய்ந்தது ஒரு பங்கு, திருநீற்றில் கரைந்தது மறு பங்கு.

அக்காலக் கூலியையும் பையனிடம் சொன்னேன். 1920-களின் கடைசியில் தோட்டத்தில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைந்தது. இந்த ஒரு காசு, விடியலுக்கு முன் எழுந்து மரத்துக்கு மரம் ஓடிய ஒரு பெண்ணின் அரை நாள் கூலி. அதைச் செலவழிக்காமல் ஒதுக்கி, ஜப்பான்காரன் காலத்தில் அரிசிப் பானைக்கு அடியில் மறைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

பையன் சற்று நேரம் பேசவில்லை. வாங்குகிறவருக்கு இது தெரியப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 600 வெள்ளி சின்னத் தொகையும் இல்லை. பிறகு அவனே எழுதினான்: 'இது வெற்று வில்லை இல்லை. தேய்ந்த 20 காசு. எடை 4.71.' அந்தப் பக்கம் நன்றி என்று ஒரு வார்த்தை வந்தது. பேரம் அதோடு முடிந்தது. வெள்ளி விலைக்குப் போட்டால் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக்குக் காணலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காசு இருந்தால் தேய்க்காதீர்கள், அமிலத்தில் போடாதீர்கள், அடுப்பில் காட்டாதீர்கள். ஓரத்தைப் பாருங்கள், நிறுத்துப் பாருங்கள், சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெற்று வில்லை என்று யாராவது விற்க வந்தால் முதலில் எடையைக் கேளுங்கள். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் சரியான பதில் ஆரம்பத்திலேயே சமையலறையிலிருந்து வந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை அம்மா திருநீற்றுச் சம்புடத்தை எடுத்தார். நான் மெல்லிய துணி ஒன்றை நீட்டினேன். முறைத்தார். ஆனால் வாங்கிக்கொண்டார்.