மேடையிலே ரதி, வகுப்பிலே வசை

"இது மேல்நாட்டாரின் பிரச்சினை, நம் பாடசாலைகளிலே ஆணும் பெண்ணும் கைகோத்தாடும் நடன இரவுகள் ஏது?" தற்பால் ஈர்ப்புடைய மாணவரும் திருநர் மாணவரும் பாடசாலை நடன விழாக்களிலே பட்ட பாட்டைக் கூறும் விவரணப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், தம்புள்ளைப் பகுதி ஆசிரிய நண்பர்கள் சிலர் இந்த ஒரு கேள்வியோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள். சாத்திய கதவைத் தட்டுவதே என் நோக்கம்.

முதலில் அந்த மேல்நாட்டுக் கதையையே பார்ப்போம். 1980 இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்திலே ஆரன் ஃப்றிக் என்னும் மாணவன் தன் ஆண் நண்பனோடு இறுதியாண்டு நடன விழாவுக்குச் செல்ல அனுமதி கேட்டான். அதிபர் மறுத்தார். மற்ற மாணவர்கள் தாக்குவார்கள், கலவரம் மூளும் என்பது அவர் சொன்ன காரணம். நீதிமன்றமோ, தாக்க வருபவனைத் தடுப்பதுதான் பாடசாலையின் கடமை, தாக்கப்படக்கூடியவனை வீட்டிலே இருத்துவதன்று என்ற கருத்திலே மாணவனின் பக்கம் நின்றது. 2002 இல் கனடாவின் ஒஷாவா நகரிலே மார்க் ஹோல் என்ற கத்தோலிக்கப் பாடசாலை மாணவனும் இவ்வாறே நீதிமன்றப் படியேறித் தன் நண்பனோடு விழாவுக்குப் போனான். 2010 இல் மிசிசிப்பி மாநிலத்திலே கொன்ஸ்ரன்ஸ் மக்மிலன் என்ற மாணவி தன் தோழியோடு வர விரும்பியபோது கல்விச் சபையார் விழாவையே இரத்துச் செய்தனர். ஒரு பெண்பிள்ளையை உள்ளே விடுவதைவிட எல்லோருடைய ஆட்டத்தையும் நிறுத்திவிடுவது மேல் என்று கருதிய அந்தப் பெரியோரின் கல்வியை என்னென்பது!

இம்மூன்று வழக்குகளிலும் எனக்கு அந்நியமாகப் படுவது மண்டபத்தின் அலங்காரம் மட்டுமே. "மற்றப் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள்" என்ற அந்த அதிபரின் வாக்கியம் நமது ஆசிரியர் அறைகளிலே தமிழிலும் சிங்களத்திலும் நாள்தோறும் ஒலிப்பதுதானே?

நம்மிடம் ஆட்டம் இல்லையென்று யார் சொன்னது? தமிழ்மொழித் தினப் போட்டி உண்டு, ஒளிவிழா உண்டு, உயர்தர வகுப்பின் பிரியாவிடையிலே பைலாவும் உண்டு. இவற்றுக்கெல்லாம் முந்தியது மலையகத் தோட்டங்களின் காமன் கூத்து. நம் மாத்தளை மாவட்டத் தோட்டங்களுக்கும் அது சொந்தமானது. மாசி மாதத்திலே மன்மதனாக ஆடுபவனும் ஆண். சேலை கட்டி ரதியாக ஆடுபவனும் ஆண். சிவனுடைய நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தபின் ரதி புலம்புகிறாள். கூடியிருக்கும் லயத்துப் பெண்களும் கண் கலங்குகிறார்கள். "இவன் ஆணல்லவா?" என்று அந்த இரவிலே எவரும் கேட்பதில்லை. மறுநாட் காலை பாடசாலைக்கு வாருங்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் குழு நடனத்துக்குப் பெயர் கொடுக்கிறான்; அவனது கையசைவு சற்று மென்மையானது. போதாதா? எழுதக் கூசும் பட்டமொன்று அவன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. சில இடங்களிலே அதை முதலில் உச்சரிப்பவர் சோக்குக்கட்டி பிடித்தவர்தாம்.

ரதியாக ஆடுவோரெல்லாம் தற்பால் ஈர்ப்புடையோர் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறுவது அறிவீனம். ஆணுடலிலே பெண்மையைக் கண்டு அருவருக்காத கண் நம் உழைக்கும் மக்களுக்கு உண்டு என்பதையே கூறுகிறேன். அந்தக் கண்ணைக் குருடாக்கும் வேலையைப் பாடசாலை ஏன் செய்யவேண்டும்?

கண்டிய நடனத்தைப் பாருங்கள். வெஸ் அணிந்து ஆடுவது ஆண்களுக்கே உரியதாய் இருந்தது. சித்ரசேனவின் துணைவியார் வஜிரா அக்கலையைத் தம் தொழிலாகக் கொண்டு மேடையேறிய முதற் பெண்ணாகப் போற்றப்படுகிறார். இன்று தம்புள்ளையிலே ஒரு பாடசாலை விழாவுக்குச் சென்றால் சிறுமியர் கண்டிய நடனம் ஆடக் காணலாம். எந்தத் தாயும் இயற்கை கெட்டுவிட்டதென்று ஓலமிடுவதில்லை.

"சட்டம் இருக்கிறதே" என்பது அடுத்த அரண். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365 ஆம், 365அ பிரிவுகள் ஆங்கில ஆட்சியாளர் விட்டுச்சென்றவை. அவர்கள் போனபின் நாம் செய்த திருத்தம் என்ன? 1995 இல் ஆண்களை மட்டும் குறித்த சொல்லை மாற்றிப் பெண்களையும் குற்றவாளிக் கூண்டுக்குள் சேர்த்துக்கொண்டோம்! சமத்துவம் இப்படியும் வரும்போலும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலே மலைபோற் குவியும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் ஐரோப்பியர் கொண்டுவந்த பயிர்கள். அவற்றை அந்நியமென்று எவரும் ஒதுக்குவதில்லை. அந்நியன் எழுதிய சட்டமும் நமக்கு இனிக்கிறது. நம் வயிற்றிலே பிறந்த பிள்ளை மட்டும் மேல்நாட்டு இறக்குமதியாகிவிடுகிறது.

அச்சட்டத்தை நீக்கக் கொண்டுவரப்பட்ட தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்திலே உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது நிறைவேறாமலே மடிந்தது. அந்தப் பிரிவுகள் தொலையவேண்டும் என்பதிலே முற்போக்காளர் எவருக்கும் தயக்கம் இருத்தலாகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அக்கொடிய சட்டங்கூடச் செயலைத்தான் தண்டிக்கிறது. ஒரு பையன் ஆடுவதையோ, ஒரு பெண் கூந்தலைக் கத்தரிப்பதையோ, ஒருவர் மனத்திலே எழும் அன்பையோ அது குற்றமென்று கூறவில்லை. சட்டத்தின் பெயரால் நாம் செய்யும் கொடுமையிலே பெரும்பங்கு சட்டத்திலே இல்லாதது. நாமே கூட்டி எழுதியது.

கற்பிப்போர் கற்கலாகாதா? 2021 இல் சென்னை உயர் நீதிமன்றத்திலே, காதலித்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்தனர். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருளைத் தாம் முழுமையாக அறியவில்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே சென்று அமர்ந்து கேட்டறிந்தபின் ஆணை வழங்கினார். பாடசாலைகளும் பெற்றோரும் செய்யவேண்டியவற்றையும் அவ்வாணை எடுத்துரைத்தது. உயர் நீதிமன்ற நீதிபதி மாணவராக அமரத் தயாரென்றால், நம் ஆசிரியருக்குக் கௌரவம் எங்கே குறுக்கிடுகிறது?

பட்டப்பெயர் சுமந்த பிள்ளை முதலில் நடனத்தை விடுகிறான். பிறகு இடைவேளையில் மைதானத்துக்குப் போவதை விடுகிறான். பிறகு வரவுப் பதிவேட்டிலே சிவப்புக் கோடுகள் நீள்கின்றன. பதிவேட்டை நாம்தான் குறிக்கிறோம். காரணத்தை மட்டும் குறிப்பதில்லை.

ஆசிரியர் கல்லூரி மாணவர்களே, நாளை நீங்களும் விழாக்குழுவிலே அமர்வீர்கள். நடனம் கேட்ட பையனின் பெயரையோ, ஆண் வேடம் கேட்ட மாணவியின் பெயரையோ பட்டியலிலிருந்து வெட்ட எவரேனும் பேனாவை எடுத்தால், எந்தச் சுற்றறிக்கையின்படி வெட்டுகிறீர்கள் என்று எழுத்திலே கேளுங்கள். கேட்டதைக் கூட்டக் குறிப்பிலும் பதியச் செய்யுங்கள்.